பாட்டு பதியும் அறையில் எது ஆபத்து? செட்டிநாட்டு வீடுகளில் அமையும் ஸ்டுடியோக்களை முன்வைத்து ஒரு விளக்கம்

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை புறப்படுவதற்கு முந்தைய வாரங்களிலும், மாசி, பங்குனித் திருவிழாக்களுக்கு முன்பும் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துச் சிறிய ஒலிப்பதிவுக் கூடங்களில் இரவு பகல் பாராமல் வேலை நடக்கிறது. காவடிப் பாடல், அம்மன் பாடல், கல்யாண வீடியோவுக்கான பின்னணி இசை, உள்ளூர்க் கடைகளின் விளம்பரம் என்று பலவும் பதிவாகின்றன. ஒலிப்பதிவு இந்த ஊருக்குப் புதிதல்ல. ஏ.வி.மெய்யப்பனின் ஏவி.எம். படப்பிடிப்புக் கூடம் முதலில் இயங்கியது காரைக்குடியில்தான்; 1948-ல்தான் அது சென்னைக்குப் போனது. புதிது என்னவென்றால், இன்றைய ஸ்டுடியோ ஒரு வீட்டின் ஒற்றை அறைக்குள் அடங்கிவிடுகிறது என்பதுதான்.

இப்படி ஓர் அறையை ஸ்டுடியோவாக மாற்றுவோரில் பலர், குளிர்சாதன வசதியோடு உட்கார்ந்து செய்யும் வேலையில் என்ன ஆபத்து இருந்துவிடப் போகிறது என்று நினைக்கிறார்கள். ஆபத்து உண்டு, அது பெரும்பாலும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கிறது. செட்டிநாட்டு வீடு முற்றமும் உயரக் கூரையும் எதிரெதிர் வாசல்களுமாகக் காற்று ஓடுவதற்காகக் கட்டப்பட்டது. ஸ்டுடியோவோ அடைப்பதற்காகவே அமைக்கப்படுவது. ஒலியை அடைக்கச் செய்யும் ஒவ்வோர் ஏற்பாடும் காற்றையும் வெப்பத்தையும் புகையையும், உள்ளே இருக்கும் ஆளையும் சேர்த்தே அடைக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் எதில் கவனம் வேண்டும் என்பது தானாகத் தெளிவாகும்.

முதலில் ஓர் அடிப்படை: தடுப்பது வேறு, உறிஞ்சுவது வேறு

ஒலியைக் கையாளுவதில் இரண்டு வேலைகள் உண்டு. வெளிச்சத்தம் உள்ளே வராமலும் உள்சத்தம் வெளியே போகாமலும் நிறுத்துவது ஒலித்தடுப்பு. அறைக்குள் எழும் ஒலி சுவரில் மோதித் திரும்பி எதிரொலியாகாமல் பார்த்துக்கொள்வது ஒலி உறிஞ்சல். தடுப்புக்கு வேண்டியது எடை. உறிஞ்சலுக்கு வேண்டியது நுண்துளைகள் நிறைந்த பொருள்.

செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுவர்கள் தடுப்பு வேலையைப் பெருமளவு ஏற்கெனவே செய்துவிடுகின்றன. சத்தம் கசிவது கதவு இடுக்கு, சன்னல், மேல் காற்றுத்துளை வழியாகத்தான். உறிஞ்சலில்தான் இந்த அறைகள் தோற்கின்றன. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துக் கண்ணாடிபோல் தேய்த்த பூச்சும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் ஒலியை அப்படியே திருப்பி அனுப்புகின்றன. ஒரு கை தட்டினாலே 'டிர்ர்' என்று எதிரொலி கேட்கும். அதைக் குறைக்க எல்லோரும் தேடுவது ஃபோம் பலகை. அங்கேதான் முதல் ஆபத்து நுழைகிறது.

சுவரில் ஒட்டும் ஃபோம்

இணையத்தில் பிரமிடு வடிவிலும் வரிவரியாகவும் வெட்டி விற்கப்படும் மலிவான ஃபோம் பலகைகளில் பெரும்பாலானவை பாலியூரிதேனால் ஆனவை. மெத்தைக்கும் சோபாவுக்கும் பயன்படும் அதே பொருள்தான். அது எரியும் விதத்தில் மூன்று தன்மைகள் சேர்ந்துகொள்கின்றன.

1. நுண்துளைகளுக்குள் காற்று நிறைந்திருப்பதால் தீ மிக வேகமாகப் பரவுகிறது. தரையில் கிடக்கும் ஃபோமைவிடச் சுவரில் செங்குத்தாக ஒட்டியது இன்னும் விரைவாக எரியும், ஏனெனில் கீழே எழும் வெப்பம் மேலே உள்ளதைப் பற்றவைத்துக்கொண்டே போகும்.

2. அடர்ந்த கரும்புகை எழுவதால் சில நொடிகளில் கதவு எந்தப் பக்கம் என்பதே தெரியாமல் போகிறது.

3. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் இருக்கிறது. முன்னது இரத்தம் உயிர்க்காற்றைச் சுமந்து செல்வதைக் கெடுக்கிறது. பின்னது உடல் செல்கள் அதைப் பயன்படுத்துவதையே தடுக்கிறது. தீ தொடும் முன்பே ஆள் மயங்கி விழுவது இதனால்தான்.

2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில், வெஸ்ட் வார்விக் என்ற ஊரின் 'தி ஸ்டேஷன்' இசை விடுதி மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி, சத்தத்தைக் குறைப்பதற்காகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்த பாலியூரிதேன் ஃபோமில் பட்டது. 100 பேர் இறந்தார்கள். பின்னர் அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனம் அதே போன்ற மேடையைக் கட்டி எரித்துப் பார்த்தபோது, ஒன்றரை நிமிடத்துக்குள் அங்கே மனிதர் உயிரோடு இருக்க முடியாத நிலை உண்டானது. 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாந்தா மரியா நகரில் 'கிஸ்' விடுதியிலும் இதேபோல் கூரை ஃபோமில் தீப்பிடித்து 242 பேர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பலரைக் கொன்றது நச்சுப் புகை.

அங்கே வாணம் கொளுத்தினார்கள், நம் ஸ்டுடியோவில் யார் கொளுத்தப் போகிறார்கள் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் நம்மிடம் தீக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பதிவு தொடங்கும் நாளில் மைக்குக்கு முன்னால் சூடம் காட்டுவது நம் வழக்கம். சாமி படத்தை மாட்டும் ஆணி ஃபோம் சுவரிலேயே அடிக்கப்பட்டிருக்கும். படச்சட்டத்தின் இடுக்கில் ஊதுபத்தி செருகியிருக்கும். அதன் கங்கு உதிரும் இடத்திலிருந்து ஃபோம் ஒரு சாண் தூரத்தில்கூட இருக்காது. கேபிள் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன், ஒன்றில் ஒன்று செருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஃபோமுக்குப் பின்னால் மறைந்து சூடாகிக் கிடக்கும் வயர் ஆகியவையும் உண்டு. விளக்கும் சூடமும் முற்றத்தில் காட்டப்பட்டால் சாமிக்கு எந்தக் குறையும் வராது.

'தீப்பிடிக்காத ஃபோம்' என்று விற்கப்படுவது பற்றியும் சொல்ல வேண்டும். தீத்தடுப்பு வேதிப்பொருள் சேர்த்த ஃபோம் சிறு தீக்குச்சியைத் தாங்கலாம். பெரிய வெப்பத்தில் அதுவும் எரியும், நச்சுப் புகையும் வரும். வாங்குவதற்கு முன்பு, சுவர்ப் பூச்சாகப் பொருத்திச் சோதித்த அறிக்கையைக் கேட்க வேண்டும். சிறு துண்டைத் தீயில் காட்டிய சோதனை அதற்கு ஈடாகாது. அறிக்கை தர முடியாத விற்பனையாளரிடம் வாங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. முட்டை அட்டைகளை ஒட்டுவதோ இதைவிட மோசம்: ஒலியை அவை தடுப்பதில்லை, உறிஞ்சுவதும் சொற்பம், எரிவது மட்டும் நிச்சயம்.

மாற்று இருக்கிறது. மரச்சட்டத்துக்குள் ராக்வூல் பலகையை வைத்துப் பருத்தித் துணியால் இறுக்கிப் போர்த்திய தடுப்புகள் ஃபோமைவிட நன்றாக ஒலியை உறிஞ்சும். குறிப்பாக ஃபோமால் தொடவே முடியாத தாழ்ந்த சுருதிகளையும் ஓரளவு அடக்கும். பாறையை உருக்கி இழையாக்கிய பொருள் என்பதால் ராக்வூல் எரியாது. போர்த்தும் துணி எரியும்தான். ஆனால் அது மெல்லிய ஒற்றைப் படலம், சுவர் முழுக்க எரிபொருள் அல்ல. இப்படிச் செய்த ஒரு தடுப்புக்குக் காரைக்குடிக் கண்டாங்கித் துணியைப் போர்த்தினால் அறையின் அழகும் கெடாது. ராக்வூலைப் பற்றிய புற்றுநோய் அச்சம் பழையது: சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-ல் ராக்வூலையும் கட்டடக் காப்புக்கான கண்ணாடி இழையையும், புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்த இயலாத பிரிவுக்கு மாற்றிவிட்டது. ஆனாலும் வெட்டும்போது இழைகள் தோலையும் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். ஆகவே கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை வேண்டும். துணியில் கிழிசல் விடக் கூடாது. பழைய கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் துளையிடுவது மட்டும் வேறு விஷயம். அந்தத் தூசி உறுதியாகப் புற்றுநோய் தருவது.

வெளியேறும் வழி

ஸ்டுடியோ பெரும்பாலும் தெருச்சத்தம் எட்டாத இரண்டாம் கட்டில், அதாவது வீட்டின் உட்பகுதியில், அமைகிறது. உள்ளே இருப்பவர் தெருவுக்கு வர வளவு என்ற முற்றப் பகுதியைக் கடந்து, பட்டாலை என்ற கூடத்தைக் கடந்து, முகப்பைத் தாண்ட வேண்டும். இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை என்பதால் பின்வாசல் அருகில் இருக்கும். ஆனால் பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டில் பின்கட்டுச் சாவி சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ஒரு புள்ளியிடம் (பங்குள்ள குடும்பத்தாரிடம்) இருப்பது சாதாரணம். ஸ்டுடியோ நடத்துபவர் கையில் அந்தச் சாவியின் படி ஒன்று இல்லாமல் அங்கே தொழில் தொடங்கக் கூடாது.

அறைக் கதவைப் பொறுத்தவரை, பதிவைக் கெடுக்காமலிருக்க வெளியே தாழ் போடும் பழக்கம் உடனே நிறுத்தப்பட வேண்டிய ஒன்று. பதிவு நடப்பதைக் காட்டச் சிவப்பு விளக்கு போதும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும்; உள்ளிருந்து ஒரே தள்ளில் திறக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது: நன்றாக ஒலி அடைத்த அறைக்குள், அதுவும் ஹெட்ஃபோன் மாட்டியவருக்கு, வெளியே யார் கத்தினாலும் கேட்காது. வீட்டின் புகை எச்சரிக்கைக் கருவியோடு ஸ்டுடியோவுக்குள் மினுக்கும் விளக்கு ஒன்றை இணைத்தால் இது தீரும்.

தீயணைப்பான்களில் உலர்தூள் வகை கருவிகளைப் பாழாக்கும். கார்பன் டை ஆக்சைடு வகை மின்கருவிகளுக்கு ஏற்றது. ஆனால் சிறிய மூடிய அறையில் அந்த வாயு மூச்சுக்காற்றையே விரட்டிவிடும் என்பதால், அடித்ததும் உடனே வெளியேறிக் கதவைச் சாத்த வேண்டும்.

'எர்த்' என்ற மூன்றாவது கம்பி

செட்டிநாட்டின் பழைய வீடுகள் பலவற்றில், தேக்குச் சட்டத்தின்மேல் ஓட்டிய பழைய வயரிங்கும் இரண்டு துளைப் பிளக் பாயின்ட்டும் இன்னும் இருக்கின்றன. கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பியே அவற்றில் கிடையாது. அதில் கணினி, மிக்சர், ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் இணைத்தால் பாடகர் உதட்டில் மைக் பட்டதும் 'சுர்' என்று கூசும். கணினியின் மின்பகுதியில் இரைச்சலை வடிகட்ட உள்ள சிறு மின்தேக்கிகள் அந்த மிச்ச மின்னோட்டத்தை எர்த்துக்குத் தள்ளிவிடும் வகையில் அமைந்தவை. எர்த் இல்லாதபோது கருவியின் உலோகப் பெட்டியில் 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சொற்பம் என்பதால் அது கூசும், கொல்லாது. ஆனால் அந்தக் கூச்சம் எர்த் இல்லை என்பதற்கான சான்று. என்றாவது உள்ளே ஒரு வயர் உருகிப் பெட்டியைத் தொட்டால், முழு மின்சாரமும் பாடகரின் உடல் வழியாகத்தான் தரைக்குப் போகும்.

இங்கே நம் பழக்கம் ஒன்று ஆபத்தைக் கூட்டுகிறது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு பாடுவது நமக்கு இயல்பு. ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது. காலையில் துடைத்த ஈரம் அதில் நெடுநேரம் தங்கும். ஈரத் தரையில் வெறுங்கால், வியர்த்த கையில் உலோக மைக் என்று மின்சாரத்துக்கு நேர்வழி அமைந்துவிடுகிறது. பாடுபவர் காலடியில் கனத்த ரப்பர் பாய் ஒன்று விரித்தாலே பாதி அபாயம் குறையும்.

எர்த் இருக்கும் இடங்களிலும் ஒரு தவறு நடக்கிறது. கருவிகள் வெவ்வேறு பிளக் பாயின்ட்டுகளில் எர்த் ஆகும்போது அவற்றுக்கிடையே சிறு மின்னோட்டம் சுற்றி, ஒலியில் 50 ஹெர்ட்ஸ் 'ஹம்' எழும். அதைப் போக்கப் பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிடுவார்கள். ஹம் நின்றுவிடும், பாதுகாப்பும் அதோடு நின்றுவிடும். 1972-ல் வேல்ஸின் ஸ்வான்சி நகரில் மேடையிலேயே ஸ்காட்லாந்துக் கிதார்க் கலைஞர் லெஸ்லி ஹார்வி இறந்தது, சரியாக எர்த் ஆகாத மைக்கைத் தொட்டதால்தான். ஹம்மைப் போக்கச் சரியான வழி இது:

1. எல்லா ஒலிக்கருவிகளுக்கும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து மின்சாரம் கொடுங்கள். பெரும்பாலான ஹம் இதிலேயே போய்விடும்.

2. மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். கேபிள்களைப் பயன்படுத்துங்கள், அவை வழியில் ஏறும் இரைச்சலைத் தாமே கழித்துவிடும்.

3. பிறகும் இருந்தால், வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் சிறு பெட்டியான டி.ஐ. பாக்ஸில் உள்ள எர்த் துண்டிப்பு ஸ்விட்ச்சைப் பயன்படுத்துங்கள். அது ஒலிக் கேபிளின் உறையை மட்டுமே துண்டிக்கும். மின்சாரப் பாதுகாப்பைத் தொடாது.

இவற்றோடு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவுத் துண்டிப்பான்) ஒன்று கட்டாயம். மின்சுமை மிஞ்சினால் அணையும் எம்.சி.பி. வயரைக் காப்பது, ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி.தான். மின்னோட்டம் ஓர் உடல் வழியாகக் கசியத் தொடங்கிய கணத்தில் அது துண்டித்துவிடும். எர்த் குழி விஷயத்தில் நம் வட்டாரத்துக்கென்று ஒரு கவனம் வேண்டும். செம்மண்ணும் செம்பாறையுமான இந்த நிலம் சித்திரை, வைகாசியில் காய்ந்து இறுகும்போது எர்த்தின் மின்தடை ஏறிவிடும். மழைக்காலத்தில் அளந்த அளவை நம்பக் கூடாது. கோடையில் அளந்து, குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கண்டென்சர் மைக்குக்குக் கொடுக்கும் 48 வோல்ட் 'பாண்டம் பவர்' பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். அதன் மின்னோட்டம் மின்தடைகளால் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருப்பதால் அது ஆபத்தில்லை. அஞ்ச வேண்டியது மேசைக்கடியில் வைத்திருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத்தான். ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியாகிறது. காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறியில் அது வெடிக்கும். மூடிய ஸ்டுடியோவுக்குள் அதற்கு இடமில்லை. பின்கட்டில் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு அந்த இடமும் ஆகாது. புகையில் கார்பன் மோனாக்சைடு வருவதால் அது வீட்டுக்கு வெளியே, சன்னல்களுக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும்.

காது

டெசிபெல் கூட்டல் கணக்கில் ஏறுவதல்ல. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, 3 டெசிபெல் கூடினாலே இரு மடங்கு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் ஒரு நாளைக்கு 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் என்று வரம்பு வைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகிறது. 88-க்கு 4 மணி நேரம், 94-க்கு 1 மணி நேரம், 100-க்கு 15 நிமிடம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 வரை அனுமதிக்கின்றன. வீட்டு ஸ்டுடியோ அந்த விதிகளுக்குள்ளும் வருவதில்லை என்பதால் கணக்கைத் தானே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாகசுரமும் தவிலும் கோயில் வெளிக்காக உருவானவை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அவை முழங்கும்போது அருகில் 100 டெசிபெல்லை எட்டுவது எளிது. பக்கத்தில் தாளம் போடும் பையனுக்கும் அதே ஒலிதான் விழுகிறது. ஆனால் காதடைப்பான் யாரும் அவனிடம் தருவதில்லை. இந்த வாத்தியங்களைப் பெரிய பட்டாலையிலோ வளவிலோ பதிவு செய்வது காதுக்கும் நல்லது, ஒலிக்கும் நல்லது.

ஹெட்ஃபோனில் ஆபத்து வேறு மாதிரி வருகிறது. பாடகர் தன் குரல் கேட்கவில்லை என்கிறார், ஒலி கூட்டப்படுகிறது. தாளத் தட்டு கேட்கவில்லை என்கிறார், அதுவும் கூட்டப்படுகிறது. எதையாவது குறைத்து மற்றதைக் கேட்க வைப்பதுதான் முறை. திடீரென ஊளையிடும் ஃபீட்பேக் காதுக்குள் நேராகப் பாயாதிருக்க ஹெட்ஃபோன் பாதையில், ஒலியை ஓர் அளவுக்குமேல் ஏறவிடாத லிமிட்டர் போட வேண்டும். உட்காதின் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. வேலை முடிந்த இரவில் காதில் 'ங்' என்று ரீங்காரம் கேட்டால், அன்று வரம்பு மீறப்பட்டது என்று பொருள். மிக்சிங் செய்பவர் சிறிய அறையில் 75 முதல் 80 டெசிபெல்லுக்குள் கேட்டுப் பழகுவது போதுமானது.

அறைக்குள் எஞ்சும் காற்று

ஸ்பிளிட் ஏ.சி. அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. கணக்கிட்டுப் பார்க்கலாம். 10 அடி உயரமுள்ள பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் கொள்ளளவு 1,200 கன அடி, அதாவது சுமார் 34,000 லிட்டர். ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 20 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார் என்று கொண்டால், நால்வருக்கு 80 லிட்டர். இடுக்கில்லாத அறையில் ஒரே மணி நேரத்தில் அதன் அளவு வெளிக்காற்றில் உள்ள 420 பி.பி.எம்.-இலிருந்து (பத்து லட்சத்தில் 420 பங்கு) 2,700-ஐ எட்டிவிடும். 1,000-ஐத் தாண்டினாலே காற்றோட்டம் போதவில்லை என்று கொள்வது வழக்கம். பின்னிரவில் வரும் தலைவலியும், அடுத்தடுத்து டேக் (ஒவ்வொரு முறை பாடிப் பதிவது) தவறுவதும் களைப்பால் மட்டும் வருவதில்லை.

பாடும்போது வாயிலிருந்து நுண்துளிகள் ஏராளமாகப் பறக்கின்றன. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சேர்ந்திசைக் குழுவின் பயிற்சிக்கு வந்த 61 பேரில் 50-க்கும் மேற்பட்டோர் கோவிட் தொற்றுக்கு ஆளாகி, இருவர் இறந்தனர். காசநோயும் இதே காற்றுவழியில்தான் பரவுகிறது. உள்ளே ஒலி உறிஞ்சும் பூச்சுள்ள, வளைந்து வளைந்து செல்லும் காற்றுப்பெட்டி ஒன்றைச் சத்தமில்லாத விசிறியோடு பொருத்தினால் சத்தம் கசியாமல் காற்று மாறும். அது அமையும்வரை மணிக்கு ஒருமுறை கதவைத் திறந்து எல்லோரும் முற்றத்துக்கு வந்துவிடுவது போதும். மைக்குக்கு முன்னால் வாய்க்கு நெருங்கும் வலைத் தடுப்பான பாப் ஃபில்டரை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வதும் செலவில்லாத காரியம்.

எதை முதலில் செய்வது

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய எந்தச் சிறு ஸ்டுடியோவாலும் முடியாது. ஆகவே உயிரைப் பறிக்கும் வேகத்தை வைத்து வரிசைப்படுத்துவதே சரி.

1. எர்த், ஆர்.சி.சி.பி., ஸ்டுடியோவுக்கெனத் தனி வயரிங். வீடு பொதுச்சொத்து என்றால் பங்காளிகளின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யலாம். மறுக்கும் இடத்தில் ஸ்டுடியோ வைக்காமலிருப்பது நல்லது.

2. கதவும் பின்வாசல் சாவியும்.

3. பாலியூரிதேன் ஃபோமை அகற்றுவது. காசு சேரும்வரை வெறுஞ்சுவரோடு, கனத்த பருத்தித் திரையைச் சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளித் தொங்கவிட்டுப் பதிவு செய்யலாம்.

4. காற்றோட்டம், அதன் பிறகு மற்றவை.

கழற்றிய ஃபோமைக் கொல்லையிலோ கண்மாய்க்கரையிலோ கொட்டிக் கொளுத்திவிடக் கூடாது. சுவரில் எரிந்தால் என்ன புகை வருமோ அதே புகைதான் அங்கேயும் வரும். மூட்டையாகக் கட்டி நகராட்சியின் உலர்குப்பையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.